விஞ்ஞானம் படித்தால் டாக்டர் மட்டும்தானா?

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் எமது தோட்டங்களில் ஒரே பேச்சு லயத்துக்கு லயம் ஓடும். "புள்ளைக்கு கணக்குலயும் சயன்ஸ்லயும் நல்ல ரிசல்ட் வந்திருக்கு. ஆனா சயன்ஸ் படிச்சி டாக்டரு ஆகாட்டி என்னா செய்யிறது? பேசாம ஆர்ட்ஸ் படிக்கட்டுமே." தாய் தகப்பன் மட்டுமல்ல, சில இடங்களில் படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கேள்விக்கு ஆற அமர ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தோம். இம்முறை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் என்றால் வைத்திய பீடமும் பொறியியல் பீடமும் மாத்திரம் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. விஞ்ஞான பீடம் என்று தனியாகவே ஒன்று உண்டு. பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு என்று பல பல்கலைக்கழகங்களில் அது இருக்கிறது. இரசாயனவியல், பௌதிகவியல், தாவரவியல், விலங்கியல், கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் எல்லாம் அங்கே படிக்கலாம். பேராதனையில் புவிச்சரிதவியலும் உண்டு. பாறையையும் மண்ணையும் பற்றிய படிப்பு அது. பொதுப் பட்டத்துக்கு மூன்று வருடம், சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருடம். விவசாய பீடம் வேறு. ஆய்வுகூடம், கதிர்ப்படம், மருந்தாக்கம் ஆகியவற்றைக் கற்பிக்கும் இணைந்த சுகாதார விஞ்ஞானப் படிப்பும் வேறு. பதுளையில் 2005 ஆம் ஆண்டு தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு வைத்திருக்கிறார்கள். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாலு தலைமுறை வாழ்ந்த சனத்துக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாமல் போவது எமக்கு மனவருத்தமாக இருக்கிறது.

விஞ்ஞானம் எமக்கு அந்நியமான காரியம் அல்ல. சொல்லப்போனால் எமது மூதாதையர் தேயிலை மலைக்கு வந்து சேர்ந்த கதையிலேயே விஞ்ஞானம் இருக்கிறது. அவர்கள் முதலில் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் போல ஒரு பங்கசு காணப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் அந்தத் தூள் கோப்பித் தொழிலையே அழித்து விட்டது. துரைமார் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867 இலேயே லூல்கந்துரையில் தேயிலை நட்டுக் காட்டியிருந்தபடியால் அந்த வழி திறந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசு இலட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அன்றைக்கு அது என்னவென்று நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள். கோப்பி பறித்தவர்கள் நாம்.

1946 இல் தேயிலைக்கும் ஒரு பங்கசு வந்தது. அதுதான் மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாக வரும் நோய். கோப்பிக்கு நடந்தது தேயிலைக்கும் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. ஏனென்றால் 1925 ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அப்போது இருந்தது. எந்தக் காலநிலையில் பங்கசு பரவுகிறது, செப்பு மருந்தை எப்படி அடிப்பது என்று ஆராய்ந்து சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அதற்கு முன்னரும் ஒரு காரியம் செய்தார்கள். இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று உண்டல்லவா? அதைக் கட்டுப்படுத்த 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டு வந்து மலைகளில் விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு புழுவைத் தின்று வளரும். மருந்து அடிக்காமலே புழு குறைந்தது. (மலையில் எம்மவர்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குளவி அல்ல இது. அந்தக் குளவிக்கு இன்னும் நல்ல மருந்து கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை எமது லயத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நல்லது!)

வீ.பீ. மலை என்று நாம் சொல்கிறோம். விதை போட்டு வளர்க்காமல், நல்ல தாய்ச் செடியின் கிளையில் ஒரு இலையும் சிறு தண்டும் வெட்டி நட்டு வளர்ப்பதுதான் அது. அப்படி வளர்க்கும் செடி அச்சு அசலாகத் தாய்ச் செடி போலவே இருக்கும். அதனால் மலை முழுவதும் ஒரே மாதிரி கொழுந்து விடும். டீ.ஆர்.ஐ. 2025 என்று ஒரு ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண் வருடம் அல்ல, ஆராய்ச்சி நிலையம் அந்தச் செடிக்கு வைத்த இலக்கம்.

பசளையை எடுத்துக் கொள்வோம். கொழுந்து ஆய்ந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் இலையோடு சேர்த்து மண்ணிலிருந்த நைதரசனையும் நாம் கொண்டு போகிறோம். அதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இலை மஞ்சளடித்து, கொழுந்து விடுவது குறைந்து போகும். 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று நிறுத்தியபோது, இது சரிவராது என்று விவசாய விஞ்ஞானிகள் பலர் எடுத்துச் சொன்னார்கள். அதே வருடக் கடைசியில் தடை விலக்கப்பட்டது. ஆனால் செடி பட்ட பாடு உடனே தீரவில்லை. 2021 இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவாக இறங்கியது. அந்தக் குறைவு முதலில் தெரிந்தது கொழும்பில் அல்ல. கொழுந்து மடுவத்துத் தராசில். "எவ்வளவு நேரம் நின்னாலும் கிலோ வர மாட்டேங்குதே" என்று பெண்கள் சொன்னார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய கை அல்ல, மண்ணிலே நைதரசன் இல்லாதது என்று விளக்கிச் சொல்லக் கூடிய ஒருவர் அந்த மலையிலேயே பிறந்தவராக இருந்திருந்தால், பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

ஸ்டோருக்குள் போனால் அங்கே நடப்பது இரசாயனவியல். பச்சைக் கொழுந்தை இரவெல்லாம் வாட்டி ஈரத்தைக் குறைக்கிறார்கள். ரோலரில் உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை கலத்துக்குள் தனித்தனியாக இருந்த நொதியமும் கட்டெக்கின் என்ற பொருளும் காற்றிலுள்ள ஒட்சிசனோடு ஒன்று சேர்கின்றன. பச்சை, செம்பு நிறமாக மாறுவது அதனால்தான். அந்த மாற்றத்தில் உண்டாகும் தியாபிளேவின்தான் தேநீருக்குப் பளிச்சென்ற நிறத்தையும் உறைப்பையும் தருகிறது. அதிக நேரம் விட்டால் நிறம் மங்கி, குடிக்கச் சப்பென்று ஆகிவிடும். சரியான நேரத்தில் சூட்டடுப்பில் போட்டு நொதியத்தின் வேலையை நிறுத்த வேண்டும். நல்ல டீமேக்கர் இதை மூக்கால் மணந்தே சொல்லி விடுவார். இரசாயனவியல் படித்தவர் அளந்து சொல்லுவார். இரண்டும் தெரிந்தவருக்கு எந்த ஸ்டோரிலும் மதிப்பு உண்டு.

தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்திலேயே அந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்து மலைகளில் கொழுந்து எடுக்கிறவர்கள் எம்மவர்கள்தான். ஆனால் அதற்குள் ஆராய்ச்சி மேசையில் இருந்தவர்களில் எம்மவர்கள் நெடுங்காலமாக மிகவும் குறைவு. மூளை இல்லாததால் அல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எமது சமூகத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களோடு அந்தப் பிரஜாவுரிமைக் கதை பெரும்பாலும் முடிந்து விட்டது. பாட்டனுக்குப் பூட்டியிருந்த கதவு பேரப்பிள்ளைக்குப் பூட்டவில்லை. இதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தேயிலையோடு விஷயம் முடியவில்லை. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது. மண்ணில் புதிதாக வெடிப்பு விழுவது, கதவு ஜன்னல் திடீரென்று இறுகிப் போவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, மரங்கள் சாய்வது: இவையெல்லாம் மலை பேசும் பாஷை. புவிச்சரிதவியல் படித்த ஒருவர், அதுவும் எமது பேச்சிலேயே பேசக்கூடிய ஒருவர், கங்காணியையும் தோட்டத் தலைவரையும் கூட்டி வைத்து இதை விளக்கினால் சனம் கேட்கும். பட்டப்படிப்பு என்பது பெயருக்குப் பின்னால் போடும் நாலு எழுத்து மாத்திரம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, உத்தியோகத்துக்கு வருவோம். "படிச்சா வேலை கெடைக்குமா?" என்று நேராகக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். பட்டம் கிடைத்த மறுநாள் வேலை வீடு தேடி வரும் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த நாட்டில் பட்டம் பெற்று வேலைக்காக நெடுநாள் காத்திருப்பவர்களில் கலைப் பட்டதாரிகளே அதிகம். விஞ்ஞானப் பட்டதாரிக்கு அரசாங்கக் கதவு மட்டுமல்ல, தனியார் கதவும் இருக்கிறது. நீர் வழங்கல் சபையில் தண்ணீரைப் பரிசோதிக்க இரசாயனவியல் படித்தவர் வேண்டும். மருந்து, உணவு, இறப்பர், சாயம் செய்யும் தொழிற்சாலை ஒவ்வொன்றிலும் தரம் பார்க்க ஆள் வேண்டும். வானிலை அவதான நிலையத்துக்குப் பௌதிகவியலும் கணிதமும் படித்தவர்கள் வேண்டும். கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்தவர்களை வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் எடுக்கின்றன. கணினி வேலைக்கும் அதே கணிதம்தான் அத்திவாரம். சிறப்புப் பட்டத்தில் நல்ல சித்தி எடுத்தவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உதவிப் பணம் கொடுத்தே மேற்படிப்புக்கு எடுக்கின்றன. விஞ்ஞானத் துறையில் இந்த வழக்கம் மற்றத் துறைகளை விட அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியத் தொழில். இதை நாம் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். எமது பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆள் இல்லாத நிலை பழைய கதை. இன்னும் முழுதாக மாறவில்லை. ஆசிரியர் இல்லாததால் பிள்ளை விஞ்ஞானம் படிப்பதில்லை. பிள்ளை படிக்காததால் அடுத்த தலைமுறைக்கு ஆசிரியர் இல்லை. செக்கு மாடு போல இதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மன் உதவியோடு பத்தனையில் கட்டப்பட்ட ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இருந்து வெளியான ஆசிரியர்கள் எமது பாடசாலைகளில் கீழ் வகுப்புகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உயர் தர வகுப்பில் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கப் பட்டதாரிதான் வேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒருவர் வந்து பத்து வருடம் நின்றால் எத்தனை பிள்ளைகள் மேலே போவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உயர் தரத்தில் விஞ்ஞானம் எடுத்துப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனால் எல்லாம் பாழ் என்பதும் சரியல்ல. தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் சித்தி கேட்பது வழக்கம். கல்வியியற் கல்லூரிக்கும் அது உதவும். வேலை செய்துகொண்டே கட்டணம் செலுத்திப் படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் விஞ்ஞானப் பட்டம் உண்டு. 2013 இல் தொழினுட்பப் பிரிவு என்று ஒன்றும் தொடங்கினார்கள். அதையும் விசாரிக்கலாம்.

இனிமேல் வழியைப் பார்ப்போம். இந்த வழி பதினோராம் தரத்தில் தொடங்குவதில்லை. எட்டாம், ஒன்பதாம் தரத்தில் கணக்கை விட்டுவிட்ட பிள்ளைக்குப் பிறகு பிடிப்பது பெருங்கஷ்டம். கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் சங்கத்தில் அதைக் கேளுங்கள். ஒரு தடவை அல்ல, கூட்டத்துக்குக் கூட்டம் கேளுங்கள். உயர் தரத்தில் உயிரியல் பிரிவுக்கு விஞ்ஞானத்திலும், கணிதப் பிரிவுக்குக் கணிதத்திலும் திறமைச் சித்தி வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாடசாலை. உயர் தரத்தில் விஞ்ஞானம் உள்ள பாடசாலைகளை 1 ஏ.பி. என்பார்கள். 1 சீ பாடசாலையில் கலையும் வர்த்தகமும்தான். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 1 சீ அல்லது அதற்கும் கீழ். பஸ்ஸுக்குக் காசு, தங்குமிடம் என்று யோசித்து, பக்கத்தில் உள்ளதிலேயே சேர்த்து விடுகிறோம். பிள்ளை கலைப் பிரிவுக்குப் போவது பல நேரம் விருப்பத்தால் அல்ல, பஸ் கட்டணத்தால். கலைப் படிப்பு மட்டம் என்று நாம் சொல்ல வரவில்லை. விரும்பிப் படிக்கிறவர் படிக்கட்டும். விஞ்ஞானத்துக்குக் கெட்டிக்காரப் பிள்ளையைத் தூரத்தைக் காரணம் காட்டித் திருப்பிவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். பெண் பிள்ளை விஷயத்தில் இது இன்னும் அதிகம். "பொம்பளப் புள்ளய டவுன்ல தனியா எப்புடி விடுறது?" என்று கேட்கிறவர்கள், அதே பிள்ளையைப் பதினெட்டு வயதில் கொழும்பு கார்மண்டுக்கு அனுப்பத் தயங்குவதில்லை.

மாவட்ட ஒதுக்கீடு பற்றிப் பலருக்குச் சரியாகத் தெரியாது. விஞ்ஞானப் படிப்புகளுக்கு 40 வீதமான இடங்கள் நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அதில் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலை அடங்காது. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குத் தேவையான வெட்டுப்புள்ளியை விடக் குறைந்த புள்ளியில் நுவரெலியாப் பிள்ளைக்கு இடம் கிடைக்கக் கூடும். ஆனால் எந்த மாவட்டம் என்று தீர்மானிப்பது அடையாள அட்டையில் உள்ள விலாசம் அல்ல, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் பிள்ளை படித்த பாடசாலை. "நல்ல டியூசன் இருக்கு" என்று வேறு மாவட்டத்துப் பாடசாலைக்கு மாற்றுவதற்கு முன்னால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இந்த இடங்களுக்காகவே நுவரெலியாவுக்கு வந்து சேர்கிறார்கள் என்று எமது பக்கத்தில் நெடுநாளாக முறைப்பாடு இருக்கிறது. எமது பிள்ளைகளோ அதன் பெறுமதி தெரியாமல் விட்டு விடுகிறார்கள். உயர் தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் தடவை தவறினால் உடனே கடையில் வேலைக்குச் சேர்த்து விடாதீர்கள்.

செலவு? அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, விடுதி, பஸ், கொப்பி இவைதான் செலவு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மஹாபொல புலமைப்பரிசில் அல்லது பல்கலைக்கழக உதவிப்பணம் கிடைக்கும். அந்தத் தொகை காலத்துக்குக் காலம் மாறும். அதை மட்டும் நம்பிச் சீவிக்க முடியாது. முதல் தவணைப் பணம் வரவும் மாதங்கள் செல்லும். அதனால் பிள்ளை உயர் தரம் படிக்கும் இரண்டு வருடமும் சம்பள நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டிலோ வங்கியிலோ போட்டு வையுங்கள். காது தோட்டை அடகு வைத்துப் பல்கலைக்கழகம் அனுப்பிய தாய்மார்களை நாம் அறிவோம். அதற்குத் தேவை வராமல் இருப்பது நல்லது.

இங்கிலீஷ் பயம் ஒன்று இருக்கிறது. விஞ்ஞான பீடத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் தொடக்கத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். முதல் ஆறு மாதம் தலை சுற்றும், பிறகு பழகிவிடும். எமது பாடப்புத்தகத்தில் உள்ள ஒட்சிசன், ஐதரசன், இலத்திரன், காபனீரொட்சைட்டு போன்ற சொற்களைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் ஓசைதான் அதில் இருக்கிறது. பாதித் தூரம் ஏற்கெனவே நடந்தாயிற்று. பன்னிரண்டாம் தரத்திலிருந்தே ஒரு கொப்பியில் இடது பக்கம் தமிழ்ச் சொல்லும் வலது பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதிவந்தால் மீதியும் குறையும்.

கடைசியாக விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் கைந்நூல் தமிழிலும் வருகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பு, என்ன பாடம் வேண்டும், கடைசித் திகதி எது என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளை எழுதும் விருப்ப வரிசையின்படிதான் இடம் கொடுப்பார்கள். வைத்தியத்தை முதலில் எழுதுவது பிழையல்ல. அதோடு நிறுத்தி, கீழே உள்ளவற்றை எழுதாமல் விட்டு இடத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். விவசாயம், இணைந்த சுகாதார விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், தேயிலைத் தொழினுட்பம் என்று பிள்ளைக்கு விருப்பமானவற்றைக் கடைசி வரை எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் பாடசாலையில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.